பஸ்ஸில் கூட வந்தவன் இறந்துபோனால்: துக்கமும் குற்ற உணர்வும் வேலை செய்யும் விதம்

எனக்கு அப்போது 19 வயது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவன் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவான், நான் மஞ்சக்குப்பத்தில் ஏறும்போது பையை வைத்து எனக்கும் ஒரு இடம் பிடித்திருப்பான். வேறு கல்லூரி. அவன் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. முதலாம் ஆண்டு வரைபடத் தேர்வுக்கு முந்தைய நாள் என் ட்ராஃப்டர், அதாவது படம் வரையும் கருவி, உடைந்துபோனபோது தன்னுடையதைக் கொடுத்தான், அதற்கப்புறம் திருப்பிக் கேட்கவே இல்லை. ஒரு நாள் ராத்திரி எட்டே முக்காலுக்கு அவனிடமிருந்து ஃபோன் வந்தது. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, காலையில் பஸ்ஸில் பார்க்கத்தானே போகிறோம் என்று எடுக்கவில்லை. காலையில் யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவன் படமும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. பைக்கில் போனவன், சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதியிருக்கிறான்.

அப்புறம் பல மாதம் நான் பட்டது என்ன என்று எனக்கே புரியவில்லை. வீட்டில் "உனக்கு ரொம்ப நெருக்கமா?" என்று கேட்டார்கள், இல்லை என்றேன். "அப்புறம் ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்க?" பதில் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் இப்போதும் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பதைப் பார்க்கிறேன். சுற்றி இருப்பவர்கள் "சீன் போடாதே", "கில்ட்டி ஃபீலிங் எல்லாம் வேண்டாம்", "மூவ் ஆன் பண்ணு" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## அவன் உனக்கு யார்?

நம் ஊரில் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. கொள்ளி வைப்பது யார், நெய்ப்பந்தம் பிடிப்பது யார், கோடி போடுவது யார், பங்காளிக்கு எத்தனை நாள் தீட்டு, எல்லாமே முறைப்படி வகுத்து வைத்தது. இது சடங்கு மட்டும் இல்லை, "நீ அழலாம், உனக்கு அந்த உரிமை இருக்கிறது" என்று ஊரே கூடிச் சொல்லும் ஏற்பாடு. பஸ்ஸில் கூட வந்தவனுக்கு இந்த வரிசையில் இடம் கிடையாது. டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும், ஒரே கடையில் பகுதி நேர வேலை பார்த்தவனுக்கும் இல்லை. எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பெண் அன்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். "உனக்கும் அவனுக்கும் என்ன?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதோடு அவள் அழுகையை நிறுத்திக்கொண்டாள், மறுநாளிலிருந்து வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

இப்படி, வலி இருக்கிறது, ஆனால் அதை வெளியே காட்டும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தராத நிலைக்கு உரிமையற்ற துக்கம் என்று பெயர் சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் இதைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தார். தெருமுனையில் பையன்கள் காசு போட்டு வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் அதை வெட்டிச் செலவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. முறைகளில் இடம் இல்லாத நண்பர்கள், கீழே "நண்பர்கள்" என்று போட்டுத் தங்களுக்கென்று ஒரு இடத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, நெருக்கமே இல்லாத ஒருவருக்காக ஏன் இவ்வளவு வலிக்கிறது? பழகிய வீட்டில் இருட்டில் படி இறங்கியிருப்பீர்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து, அது இல்லாமல் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடுமே, அதுதான் இது. அடுத்து என்ன வரும் என்று மூளை எப்போதும் முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. நெருக்கம் எவ்வளவு என்று மட்டும் அது பார்ப்பதில்லை, தினமும் வருகிறாரா என்றும் பார்க்கிறது. மஞ்சக்குப்பத்தில் பஸ் வந்து நின்றதும் என் கண் இடது பக்க ஜன்னலுக்குத்தான் போகும். அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் போகும். ஒவ்வொரு காலையும் அந்த இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று வயது. தாத்தா, பாட்டி போனால் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து அனுப்புகிறோம். நம் வயதுக்காரன் சாவதற்கு நம்மிடம் எந்தப் பழக்கமும் இல்லை, பலருக்கு அது முதல் முறையாக இருக்கும். அதுவும் பெரும்பாலும் திடீர்ச் சாவு. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயில் கிடந்து, பார்க்கப் போய், மனதைத் தயார் செய்துகொள்ளும் அவகாசம் யாருக்கும் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உறவுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் வலி உண்மை. அது நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. அதற்கு இடம் கொடுக்காதபோது அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

## ஐந்து படிகள் என்று ஒரு பேச்சு

துக்கம் என்றாலே மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களைச் சொல்வார்கள். இதை 1969-ல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர். அவர் பேசிப் பார்த்தது சாகப்போகும் நோயாளிகளிடம், ஆளை இழந்துவிட்டு நிற்பவர்களிடம் இல்லை. அதனால் "எனக்குக் கோபம் வரவே இல்லையே, நான் சரியாகத் துக்கப்படவில்லையா?" என்று பரீட்சை மாதிரி உங்களை நீங்களே திருத்திக்கொள்ளத் தேவையில்லை.

நடப்பதற்கு இன்னும் நெருக்கமான விளக்கத்தை 1999-ல் நெதர்லாந்தில் வேலை பார்த்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். கடலூர்-புதுச்சேரி பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இழப்பு: அழுகை, ஞாபகம், பழைய மெசேஜைத் திரும்பத் திரும்பப் படிப்பது. மறுமுனையில் வாழ்க்கை: தேர்வு, வேலை, மேட்ச், நண்பர்களோடு சிரிப்பு. மனம் இந்த இரண்டு முனைக்கும் போய்ப் போய் வருகிறது. ஒரு முனையிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். ஆகவே சாவு வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியிலேயே டீக்கடையில் ஏதோ பேச்சுக்குச் சிரித்துவிட்டு, "சே, நான் என்ன மனுஷன்" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், மனம் அடுத்த டிரிப்புக்குத் திரும்பியது, அவ்வளவுதான். ராத்திரி மறுபடி அந்த முனைக்கு வரும்.

## "அப்பவே தோணுச்சு"

இப்போது குற்ற உணர்வுக்கு வருகிறேன். இதில்தான் பேச்சு ரொம்பக் குழம்பிக் கிடக்கிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் தாத்தா முந்தைய நாள் ராத்திரி, பலா மரத்தடியில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கட்டினார். காற்றில் மரம் விழுந்தால் மாடு போய்விடும் என்ற நினைப்பு. பலா மரம் நின்றது. கொட்டகை சரிந்தது, மாடு செத்தது. "எனக்கு அப்பவே மனசு ஒப்பல, மரத்தடியிலயே விட்டிருக்கணும்" என்று அவர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அன்று அவர் மனது ஒப்பித்தான் மாட்டைக் கட்டினார், நான் பக்கத்தில் நின்று விளக்கு பிடித்தேன். கொட்டகை விழுந்த பிறகுதான் அந்த "மனசு ஒப்பல" வந்து சேர்ந்தது.

முடிவு தெரிந்தபின், அது முன்னாலேயே தெரிந்திருந்த மாதிரி மனம் பழைய நினைவைத் திருத்தி எழுதிக்கொள்வதற்குப் பின்னறிவுச் சாய்வு என்று பெயர். 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 1814-ல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் வென்றார்கள் என்றார், இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் வென்றார்கள் என்றார். ஒவ்வொரு குழுவும் தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவைத்தான், "படித்தாலே தெரிகிறதே, இதுதானே நடந்திருக்கும்" என்கிற மாதிரி அதிகமாக நம்பியது. படித்த குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இறந்தவரின் கடைசி வாரத்தை நாம் இப்படித்தான் திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். அவன் அன்று கொஞ்சம் அமைதியாக இருந்தான், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழக்கத்துக்கு மாறாகக் கை காட்டினான், எல்லாமே அறிகுறியாகத் தெரியும். அந்த நாளில் அவை எதுவும் அறிகுறியாக இருக்கவில்லை. தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும்.

## அந்த ஃபோனை எடுத்திருந்தால்

என்னை விடாமல் துரத்தியது இதுதான். எடுத்திருந்தால் இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். இரண்டு நிமிடம் தாமதமாக அவன் கிளம்பியிருப்பான். இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், என்று ராத்திரி ராத்திரியாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். நடந்ததை மனதுக்குள் வேறு மாதிரி நடத்திப் பார்ப்பதை மாற்றுக் கற்பனை என்கிறார்கள். இது மனித மூளையின் சாதாரண வேலை. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் "கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்" என்று நினைப்பதும் இதுதான், அடுத்த முறை நன்றாகச் சமைக்க அது உதவுகிறது. அடுத்த முறை என்பதே இல்லாத இடத்தில் அதே இயந்திரம் சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுதான் கொடுமை.

அந்த இயந்திரம் எதைப் பிடித்து மாற்றுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை வருகிறது. ஜோன்ஸ் என்ற 47 வயதுக்காரர் அலுவலகத்திலிருந்து காரில் வீடு திரும்புகிறார். ஒரு சந்திப்பில், போதையில் வண்டி ஓட்டிவந்த ஒரு பையன் மோதி இறந்துவிடுகிறார். சிலருக்குக் கொடுத்த கதையில், அன்று அவர் வழக்கமான நேரத்தில்தான் கிளம்பினார், ஆனால் கடற்கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று வேறு வழியில் போனார். மற்றவர்களுக்குக் கொடுத்ததில், வழி வழக்கமானதுதான், நேரம்தான் சீக்கிரம். "இப்படி மட்டும் நடந்திருக்காவிட்டால்" என்று அவர் குடும்பத்தார் எதை நினைத்து வருந்துவார்கள் என்று கேட்டார்கள். வழி மாறிய கதையைப் படித்தவர்கள் பலரும் வழியைச் சொன்னார்கள், நேரம் மாறிய கதையைப் படித்தவர்கள் நேரத்தைச் சொன்னார்கள். போதையில் ஓட்டிய பையனை அந்தக் கதையிலிருந்து எடுத்தவர்கள் குறைவு. கேள்வியை அந்தப் பையனின் உறவினர் பக்கம் திருப்பிக் கேட்டபோதோ, பலரும் பையனைத்தான் மாற்றினார்கள்.

இதை நான் படித்தது அவன் இறந்து மூன்று வருஷம் கழித்து. படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தனை ராத்திரியிலும் நான் என் ஃபோனை மாற்றியிருக்கிறேன், அவன் கிளம்பிய நேரத்தை மாற்றியிருக்கிறேன், மேட்சை மாற்றியிருக்கிறேன். விளக்கில்லாமல் நின்ற லாரியை ஒரு தடவைகூட அங்கிருந்து எடுத்ததில்லை. மனம் தன் கைக்கு எட்டியதை, தன் பார்வை நின்ற இடத்தை, வழக்கத்துக்கு மாறான சின்ன விஷயத்தைத்தான் மாற்றுகிறது. எது காரணம் என்று அது தேடுவதே இல்லை. நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது நாம்தான், அதனால் நம் கையே முதலில் மாட்டுகிறது.

திரும்ப ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்த இன்றைய நான், முடிவு தெரியாத அன்றைய நானுக்குத் தீர்ப்பு எழுதுவது பின்னறிவுச் சாய்வு. நூறு காரணங்களில் என் கைக்கு எட்டிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றுவது மாற்றுக் கற்பனை. இரண்டும் சேரும்போது "நான்தான் காரணம்" என்ற நினைப்பு ஆதாரம் எதுவும் இல்லாமலேயே உறுதியாகிவிடுகிறது.

## தெரிந்தும் ஏன் விடுவதில்லை

இதையெல்லாம் புரிந்துகொண்ட பிறகும் குற்ற உணர்வு உடனே போய்விடாது. என் அனுபவத்தில், அதை நாமே கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். "என் தப்பு" என்றால், நான் ஒழுங்காக இருந்தால் இனி யாரும் இப்படிச் சாகமாட்டார்கள் என்று அதற்குள் ஒரு ஆறுதல் ஒளிந்திருக்கிறது. "யார் கையிலும் இல்லை" என்றால், நாளைக்கு யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். பத்தொன்பது, இருபது வயதில் அந்த இரண்டாவதைத் தாங்குவது கஷ்டம், குற்றவாளியாக இருப்பதே அதைவிட லேசாகத் தெரியும்.

அதனால் "உன் தப்பு இல்லை" என்று யாராவது சொன்னால் சில சமயம் எரிச்சல்தான் வரும். என் அத்தை ஒருத்தி வேறு மாதிரி கேட்டார். "நீ ஃபோனை எடுக்காதப்போ உனக்கு என்னென்ன தெரியும்? ஒண்ணொண்ணா சொல்லு." சொன்னேன். மேட்ச் ஓடியது தெரியும், காலையில் பஸ்ஸில் பார்ப்போம் என்று தெரியும், அவசரம் என்றால் மறுபடி அடிப்பான் என்று தெரியும். "சரி, இதெல்லாம் தெரிஞ்ச எவனா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பான்?" அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, இட்லி எடுத்து வைத்தார். அன்று எனக்கு என்ன தெரியும், அன்று என்னால் என்ன முடிந்திருக்கும், நான் கெடுதல் நினைத்தேனா. மூன்றையும் அந்த நாளின் கணக்கில் கேட்க வேண்டும், இன்றைய கணக்கில் கேட்கக்கூடாது. மூன்றுக்கும் பதில் பார்த்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஆற்றாமையாக இருக்கும். நடந்திருக்கக் கூடாதே என்ற வலி அது. நான் தப்பு செய்தேன் என்பதும் அதுவும் ஒன்று இல்லை.

## நிஜமாகவே தப்பு செய்திருந்தால்

எல்லாக் குற்ற உணர்வும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பு குரூப்பில் ஒருத்தியை எல்லோரும் கிண்டல் செய்தபோது நீங்களும் சிரித்திருக்கலாம். வாங்கிய 500 ரூபாயை இழுத்தடித்திருக்கலாம். அது தப்புதான், "விடு, பரவாயில்லை" என்று துடைத்துவிட்டால் அது போகாது. ஆனால் கிண்டல் செய்தது ஒரு கணக்கு, அவள் விபத்தில் இறந்தது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். முதல் கணக்குக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொண்டு, கொடுக்க வேண்டிய காசை வீட்டில் கொடுங்கள். நேரில் கேட்க முடியாமல் போன மன்னிப்பை ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது குறுக்கே பேசாமல் கேட்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த தடவை குரூப்பில் யாரையாவது கிண்டல் செய்தால் நிறுத்துங்கள், அது அவளுக்குச் செய்யும் மரியாதை.

## எப்போது உதவி கேட்பது

இறந்தவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவராக இருந்தால், மேலே சொன்ன எல்லாமே பல மடங்கு கனமாக வரும். கடைசியாக யாரிடம் பேசினார், யார் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்று ஊரே தேடும். தற்கொலை ஒரு வார்த்தையால், ஒரு ஃபோனால் நடப்பதில்லை. பல நாளாகப் பல காரணங்கள் சேர்ந்து இறுக்கியிருக்கும், அதில் பெரும்பாலானவை உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இதைத் தனியாகச் சுமக்காதீர்கள்.

தூக்கம், பசி கெடுவதும், படிப்பில் மனம் போகாததும் முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவதுதான். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அதே கடுமையோடு இருந்து, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறிப்பிடுகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. ஆறு மாதம் காத்திருந்துதான் போக வேண்டும் என்றும் இல்லை. செத்துப்போகலாம் என்றோ, அவர் போன இடத்துக்கே போய்விடலாம் என்றோ தோன்றினால் அன்றே பேசுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை 2022-லிருந்து இயங்குகிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

## வீட்டுக்குப் போவதா, வேண்டாமா?

"நான் போய் என்ன சொல்வேன், அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதே" என்று பலரும் தயங்கி நிற்பது இங்கேதான். நானும் காரியம் முடிகிறவரை போகவில்லை. ட்ராஃப்டர் என் அலமாரியில் இருந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் திருடி வைத்த மாதிரி இருந்தது. நாற்பது நாள் போல ஆனபின், பஸ்ஸில் ஒருவனிடம் வழி கேட்டுக்கொண்டு போனேன்.

அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். "யாரு தம்பி நீ?" என்றார். "பஸ்ல கூட வருவேன்மா" என்று சொல்லி ட்ராஃப்டரை நீட்டினேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. அவர்தான் கேட்டார்.

"பஸ்ல எங்க உட்காருவான்?"

இடது பக்கம் ஜன்னலோரம், பின்னாலிருந்து மூன்றாவது சீட்டு என்றேன். பெண்ணையாற்றுப் பாலம் வரைக்கும் பேசிக்கொண்டு வருவான். கன்னியக்கோயில் தாண்டினால் தூங்கிவிடுவான், தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வரும், அரியாங்குப்பத்தில் நான் தட்டி எழுப்புவேன் என்றேன்.

"வீட்டுலயும் அப்படித்தான், எழுப்பினாத்தான் எந்திரிப்பான்" என்றவர், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இன்னும் சொல்லு" என்றார்.